எவ்வளவு குறைத்து எரியும்?

போன வாரம் தோட்டத்து ஆபீசிலிருந்து திலகா என் கைபேசிக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். திலகா இப்போது அங்கே ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் அறைக் குமாஸ்தா. படம் இரண்டும் எல்இடி டார்ச் லைட். ஒன்று பதினைந்து மலேசிய வெள்ளி, மற்றது இருநூற்றுச் சொச்சம். கூடவே ஒரு குரல் பதிவு: "அங்கிள், லோரிக்காரங்க எல்லாம் பெருசுதான் வேணும்னு சண்டை போடுறாங்க. மேனேஜர் சின்னதே போதும்ங்கிறாரு. நீங்க அந்த ரோட்டுல அத்தனை வருஷம் லோரி ஓட்டுனவரு. எது எடுக்கலாம், சொல்லுங்கலா."

ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை நான் கற்றுக்கொண்ட கதைக்குள் என் பொய் ஒன்று கிடக்கிறது. பத்து வருஷத்துக்கு மேலாக அதை மூடி வைத்திருக்கிறேன். ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்தவனுக்கு இனி யார் பயம் என்று எழுதத் துணிந்துவிட்டேன்.

பதினெட்டு வயதில் நான் கெலிண்டானாகச் சேர்ந்தேன். கெலிண்டான் என்றால் லோரி உதவியாள். தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றுவான், டயர் மாற்றுவான், டிரைவரிடம் திட்டு வாங்குவான். ஆறு வருஷம் திட்டு வாங்கிவிட்டு லைசென்ஸ் எடுத்தேன். அதன்பின் திட்டுகிறவனாக இருந்தேன். எனக்குக் கோபம் கொஞ்சம் முன்னால் நடக்கும், புத்தி பின்னால் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி தனம் நாளுக்கு ஒரு தடவையாவது சொல்வாள்.

எங்கள் தோட்டத்து மேல் மலையிலிருந்து பெரிய ரோட்டுச் சிம்பாங் வரைக்கும், அதாவது முச்சந்தி வரைக்கும், ஐந்து கிலோமீட்டர். இறங்கும்போது வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம். தடுப்புக் கம்பி கிடையாது. மத்தியானம் மழை விட்டால் பனி ஏறும். பனி ஏறிவிட்டால் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. லோரியின் முன்விளக்கை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். கெலிண்டான் கீழே இறங்கி, பள்ளத்துப் பக்க விளிம்பில் லோரிக்கு முன்னால் நடப்பான். டார்ச் பிடித்த கையைப் பின்னால் தாழ்த்தி, வெளிச்சத்தைத் தன் குதிகாலில் அடித்துக்கொண்டே போவான். டிரைவர் ரோட்டைப் பார்க்க மாட்டான், அந்தக் குதிகாலைத்தான் பார்ப்பான். குதிகால் போன இடத்தில் இடது சக்கரம் போகும். பழைய பல்பு டார்ச்சின் மஞ்சள் வெளிச்சத்தில் இப்படியே வருஷக்கணக்காக இறங்கியிருக்கிறோம்.

பிறகு எல்இடி வந்தது. முதலில் வந்ததெல்லாம் மலிவுச் சரக்கு, பிரிஞ்சாங் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், குவித்துப்போட்டு விற்பார்களே, அது. ஒரு மழை நனைந்தால் சுவிட்சுக்குள் தண்ணீர் போய்விடும். கையால் இரண்டு தட்டுத் தட்டினால் எரியும், மறுபடி அணையும். மூன்று மாதத்தில் நான்கு டார்ச். ஐந்தாவதை எடுத்துக்கொண்டு போய் ஸ்டோர் மேசைமேல் போட்டேன்.

"ஐயா, இத வச்சுக்கிட்டு நான் லோரி ஓட்டணுமா, இல்ல இதுக்குச் சாமி கும்பிடணுமா?"

அப்போது ஸ்டோர் கிராணி நல்லதம்பி ஐயா. அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. புல்வெட்டுகிறவர் முதல் துரை வரைக்கும் எல்லாரிடமும் வாங்க போங்கதான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எழுதுகிற பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிடுவார், அவ்வளவுதான். அந்த மூடுகிற சத்தத்துக்கு நாங்கள் பயப்படுவோம். வெளிவேலைக்குப் போகிற சாமானில் எதை எழுதினாலும் பென்சிலில்தான் எழுதுவார். "மழையில மை கரைஞ்சிடும். பென்சில் கரையாது" என்பார்.

சாமான் கொடுக்க அவரிடம் ஒரு புத்தகம் உண்டு. பெயர், சாமான், அதற்குப் பிறகு "படித்தேன்" என்று ஒரு கட்டம். கத்தியோ, மருந்து தெளிக்கிற பம்போ, எதைக் கொடுத்தாலும் அதோடு வந்த தாளையும் கொடுப்பார். படித்துவிட்டு அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் யாரும் படித்ததில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

என் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடவில்லை. "சரி, டிரைவர். நாளைக்கு டவுனுக்கு வாங்க. நீங்களே பாத்து எடுங்க" என்றார்.

தானா ராத்தாவில் ஒரு ஹார்ட்வேர் கடை. கடைக்காரத் தவுக்கே விலை கூடின டார்ச் ஒன்றை எடுத்து வெளியே எதிர்க் கட்டடத்துச் சுவரில் அடித்துக் காட்டினார். பட்டப்பகலிலும் வட்டம் தெரிந்தது. எனக்கு வாயெல்லாம் பல். இதுதான் என்று கையில் வாங்கிவிட்டேன். கிராணி அதை என்னிடமிருந்து மெதுவாக எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார், மேசையிலிருந்து உருட்டிக் கீழே விழ வைத்துப் பார்த்தார். அதன்பின் தவுக்கேயிடம் மலாயில் ஒன்று கேட்டார்.

"இது எவ்வளவு குறைச்சு எரியும்?"

தவுக்கே விழித்தார். எவ்வளவு தூரம் அடிக்கும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்றுதான் ஊரே கேட்கும். நான் கடையிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். "ஐயா, குறைச்சு எரியிறதுக்கு எதுக்கு இவ்வளவு காசு? மெழுகுவத்தி வாங்கிட்டுப் போயிடலாமே." அவர் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிடுவதற்கு, நின்ற ஆட்களெல்லாம் பார்க்க, ஆபீசுக்குப் பின்னால் இருந்த குளியலறையில் கொதிக்கிற தண்ணீரைத் தரையில் கொட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அந்த டார்ச்சை எரித்துப் பார்த்தார் கிராணி. கதவு இடுக்கில் ஆவி வந்தது. என் கெலிண்டான் மணியம் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், வாய் ஓயாது. "கிராணி லைட்டக் குளிப்பாட்டுறாருலா, அடுத்து பவுடர் போடுவாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சட்டை ஈரமாக வெளியே வந்தவர், மேசையில் உட்கார்ந்து டார்ச்சோடு வந்த தாளில் பென்சிலால் ஏதோ எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"டிரைவர், இத நான் ஒரு தடவ காட்டித் தரட்டுமா?"

"டார்ச் லைட்ட அமுக்கத் தெரியாதவனா ஐயா நானு?"

"அப்போ தாளப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

தாளை விரிக்காமலே கையெழுத்துப் போட்டேன். "படிச்சிட்டேன்" என்றேன். அவர் என்னையும் தாளையும் பார்த்தார். பேனாவை மூடினார். "நீங்க சொன்னா சரி" என்றார்.

என் லோரியில் இடப்பக்கக் கதவின் கண்ணாடி சரியாக நிற்காது. ஏற்றிவிட்டால் தானாக இறங்கிவிடும். அந்தத் தாளை எட்டாக மடித்துக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே அழுத்திச் செருகினேன். கச்சிதமாக நின்றது.

அதற்குப் பிறகு பத்து நாள் பனியே இல்லை. கொழுந்துக் கொட்டகையில் எல்லாருக்கும் டார்ச்சை அடித்துக் காட்டிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பதினோராவது நாள் பிற்பகல் முழுக்க மழை. மேல் மலையில் கடைசி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தபோது கொழுந்துக் காட்டுக்குள் பெண்கள் கூச்சல். செடிக்குள் இருந்த குளவிக்கூட்டில் யாரோ கை வைத்துவிட்டார்கள். ஓடினேன். தனம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் அந்த மலையில்தான் வேலை. கழுத்தில் இரண்டு, உதட்டோரம் ஒன்று. மூன்று கொட்டுத்தானே என்று நினைத்தேன். ஆனால் போன வருஷம் ஒரே குளவி கொட்டி அவள் கை முழங்கை வரைக்கும் வீங்கியது எனக்குத் தெரியும். அடுத்த தடவை கொட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸர் அன்று லீவு. மேனேஜரின் வண்டி ஈப்போவுக்குப் போயிருந்தது. கங்காணி கைபேசியில் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். பனி ஏறிவிட்டது, மேல் ரோடு தெரியாத டிரைவர் அங்கே ஏற முடியாது, நீங்கள் சிம்பாங்குக்குக் கொண்டுவாருங்கள், ஊசி மருந்தோடு அங்கே காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான்.

தனத்தை இடப்பக்கம் ஏற்றினேன். கண் இரண்டும் வீங்கிக் கோடாகிவிட்டன. "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க பாத்து ஓட்டுங்க" என்றாள். அந்தக் குரல் அவளுடையதாக இல்லை. தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

முதல் வளைவு தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. மழைத்தூறல் வேறு. இருட்டவும் தொடங்கியது. முன்விளக்கை அணைத்தேன். மணியம் புது டார்ச்சோடு குதித்து இறங்கினான். குதிகாலில் அடித்தான்.

எனக்கு எதிரே வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. மணியமும் இல்லை, ரோடும் இல்லை. லோரி விளக்கை ஏன் அணைக்கிறோம் என்று நன்றாகத் தெரிந்த எங்களுக்கு, அதே நியாயம்தான் டார்ச்சுக்கும் என்பது மண்டையில் ஏறவில்லை. "இன்னும் தாழ்த்துடா" என்று கத்தினேன். தாழ்த்தினான். வெள்ளை கொஞ்சம் கீழே வந்தது, அவ்வளவுதான். ஊகத்தில் பத்தடி நகர்ந்தேன். இடது சக்கரம் மெத்தென்று இறங்கியது. கல் ஒன்று பெயர்ந்து உருண்டது. அது உருண்டு உருண்டு போகிற சத்தம் நிற்கவே இல்லை.

பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியர் மாற்றிப் பின்னால் எடுத்தேன். சக்கரம் ஏறிவிட்டது. தனம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது, ஏனென்றால் அவள் எதற்கும் கேள்வி கேட்கிறவள்.

"தனம், பேச வேணாம். நான் கூப்பிட்டா வளையலால டேஷ்போர்டுல ஒரு தட்டுத் தட்டு. சரியா?"

தட்டினாள்.

மணியம் சட்டைப்பையிலிருந்து தன் சொந்தப் பாசார் மாலாம் டார்ச்சை எடுத்தான். பாதி செத்த பேட்டரி, மங்கல் வெளிச்சம். குதிகாலில் அடித்தான். சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. அவன் மகராசன், நான் எந்த வாயால் அந்த டார்ச்சைத் திட்டினேனோ அந்த வாயாலேயே அதற்குக் கும்பிடு போட்டேன். குதிகாலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். "தனம்." தட்டு. ஒரு வளைவு. "தனம்." தட்டு. இரண்டாவது வளைவு. பாதி ரோடு வந்திருப்போம். தூறல் மழையானது. மணியத்தின் டார்ச் ஒருமுறை மினுக்கியது. தட்டினான். எரிந்தது. அணைந்தது. மறுபடி தட்டினான், உள்ளங்கையில் அடித்தான், வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினான். அது எரியவில்லை.

"தனம்."

எண்ணினேன். நாலு எண்ணிய பிறகுதான் தட்டு வந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் தனியாகக் கேட்டது, ஓட்டை பலூனுக்குக் காற்றடிக்கிற மாதிரி.

மணியம் பெரிய டார்ச்சை எடுத்தான். ஒரு அமுக்கு, வெள்ளைச் சுவர். இன்னொரு அமுக்கு, கொஞ்சம் சின்னச் சுவர். மூன்றாவது அமுக்கில் அது படபடவென்று வெட்டி வெட்டி எரிந்தது. பனி முழுக்க மின்னல். எனக்குக் கண் இருண்டது. அவன் கதவருகே ஓடிவந்தான்.

"இத எப்புடிலா கொறைக்கிறது? கிராணி ஒண்ணும் சொல்லலையா ஒன்கிட்ட?"

சொல்லவில்லையா. காட்டித் தரட்டுமா என்று கேட்டாரே. கடையில் என் முன்னாலேயே கேட்டாரே, எவ்வளவு குறைத்து எரியும் என்று. நான் சிரித்தேனே.

தனத்தைத் தாண்டிக் குனிந்து, கண்ணாடி இடுக்கிலிருந்து அந்தத் தாளைப் பிடுங்கினேன். கண்ணாடி தடால் என்று கதவுக்குள் விழுந்தது. ஈரக் காற்று உள்ளே அடித்தது. உள்விளக்கில் தாளை விரித்தேன். பொடி எழுத்தில் ஆங்கிலம், சீனம். எனக்கு ஆங்கிலம் ஓடாது. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில், குண்டு குண்டான தமிழ் எழுத்து. பத்து நாள் ஈரம் குடித்தும் ஒரு எழுத்துக் கலையவில்லை.

"டிரைவர் வேலு அவர்களுக்கு. அணைந்திருக்கும்போது அமுக்கிப் பிடித்து மூன்று எண்ணவும். மிகவும் குறைவாக எரியும். பனிக்கு இதுதான். மற்றது எதுவும் வேண்டாம்."

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். நான் படிக்கமாட்டேன் என்பதும் தெரிந்திருக்கும். தெரிந்தும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

"அணைச்சிட்டு அமுக்கிப் பிடி, மூணு எண்ணு" என்று கத்தினேன். மணியம் எண்ணினான். அகல் விளக்கு அளவுக்கு ஒரு வெளிச்சம் வந்தது. அவ்வளவுதான், ஒரு சாண் வட்டம். அந்த வட்டத்துக்குள் அவன் குதிகால், அதன் பக்கத்தில் விளிம்புப் புல், தண்ணீர் சொட்டுகிற ஒவ்வொரு இதழும் தெரிந்தது. மழை கொட்டியது. அது அணையவில்லை.

மணியம் முதலில் நடந்தான், பிறகு ஓடினான். தொந்தியும் அவனும் அப்படி ஓடுவார்கள் என்று நான் நினைத்ததில்லை. குதிகாலைத் தவிர உலகத்தில் எனக்கு வேறொன்றும் இல்லை. "தனம்." தட்டு. "தனம்." மெதுவாக ஒரு தட்டு. "தனம்." இல்லை. "தனம், ஏய் தனம்." இல்லை. திரும்பிப் பார்த்தால் குதிகால் போய்விடும். குதிகாலை விட்டால் மூன்று பேரும் பள்ளத்தில். திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே கடினமான வேலை அதுதான். அழுதுகொண்டே ஓட்டினேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சிம்பாங்கில் ஆம்புலன்சின் நீல விளக்கு பனிக்குள் சுற்றியது. கதவைத் திறந்தவர்கள் அங்கேயே, இருக்கையில் வைத்தே தொடையில் ஊசி போட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். கொஞ்ச நேரம். பிறகு அவளுடைய வளையல் டேஷ்போர்டில் ஒரு தரம் இடித்தது. தெரிந்து தட்டினாளா, கை விழுந்து பட்டதா, இன்றுவரை தெரியாது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் ஸ்டோருக்குப் போனேன். தாளை மேசைமேல் வைத்தேன். எட்டு மடிப்பும், ரப்பர் அழுத்திய கருப்புக் கோடும் அப்படியே இருந்தன. நல்லதம்பி ஐயா, "வீட்டுல அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். "கஞ்சி குடிக்கிறா ஐயா" என்றேன். காலில் விழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. அவர் தாளை எடுத்து, அடிக்கோலால் ஒவ்வொரு மடிப்பாகத் தேய்த்து நேராக்கினார். கருப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். அது எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"இதுல தேதி தப்பா இருக்கு, டிரைவர். நீங்க என்னிக்குப் படிச்சீங்களோ அந்தத் தேதியப் போட்டு இன்னொரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருஷமே ரிட்டையர் ஆகிக் கீழே மகள் வீட்டுக்குப் போனார். இப்போது அவர் இல்லை.

திலகாவுக்கு நேற்றுப் பதில் அனுப்பிவிட்டேன். சின்னதா பெரிசா என்று பார்க்காதே அம்மா. தண்ணீரில் போட்டுப் பார், கீழே போட்டுப் பார், எவ்வளவு குறைத்து எரியும் என்று கேள். குறைக்கத் தெரியாத டார்ச்சை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. வாங்கின பிறகு பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடு, பென்சிலில்.

மிச்சம் இருப்பது என் பொய். கோயில் திருவிழா, கல்யாண வீடு, எங்கே நாலு பேர் கூடினாலும் தனம் இந்தக் கதையைச் சொல்வாள். கதையில் டார்ச் வராது. அவளுக்கு ஞாபகமிருப்பது ஒன்றுதான். "மூச்சு முட்டிச் செத்தேன்னு நெனச்சேன். இவரு பாத்தாரு, சடார்னு எங்கிட்ட குனிஞ்சு கண்ணாடிய எறக்கி விட்டாரு பாருங்க, அந்தக் காத்துலதான் நான் பொழச்சேன். கோவக்காரருதான், ஆனா அந்த நேரத்துல எனக்கு என்னா வேணும்னு இவருக்குத்தான் தெரிஞ்சுச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பத்து வருஷம் தாண்டிவிட்டது. தனம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். இது அச்சில் வந்தால் முதலில் அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். தனம், அந்தக் கண்ணாடியை நான் இறக்கவில்லை.